ஆவிக்கிடங்கு

பள்ளிமுனையில் எங்கள் ஒழுங்கையின் அடியில், அந்தச் சிறுதெரு இறங்கி முடியும் பள்ளத்தில் கிடப்பது எங்கள் வீடு. மேலே இருப்பவர்கள் எல்லோரும் முற்றத்துக்குக் கொங்கிறீற் போட்டுவிட்டார்கள். மழை பெய்தால் அத்தனை கூரைத் தண்ணீரும் இறங்கிவந்து என் வாசலில்தான் நிற்கும். அதற்காகத்தான் நகரசபை எங்கள் வீட்டுக்குச் சற்று மேலே ஒரு கிடங்கு வெட்டி, கோரையும் பூவரசும் நட்டுத் தந்தது.

நடவந்த அதிகாரிப் பெண் விளக்கினாள். வேர் உறிஞ்சும், இலை அதைக் காற்றில் விட்டுவிடும், மண் காய்ந்து அடுத்த மழைக்கு இடம் வைத்திருக்கும். அதற்கு ஆவியுயிர்ப்பு என்று பெயராம். அந்தச் சொல்லை அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம். என் கணவரின் தமையன், எங்கள் மச்சான், அதைப் பிடித்துக்கொண்டார்.

"பரிசுத்த ஆவி போதும் பிள்ளை. இந்த ஆவிக்கு ஏன் எங்கட நல்ல தண்ணி?"

ஒழுங்கையே சிரித்தது. அன்றிலிருந்து அது ஆவிக்கிடங்கு.

எங்கள் கிணறெல்லாம் உப்பு. குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் வராத நாளில் வீட்டுக்கு வீடு சண்டை. அப்படிப்பட்ட இடத்தில் தண்ணீரைக் குடித்துக் காற்றில் விடும் செடியை யார் பொறுப்பார்கள்? போன மாரிக்கு முன் மச்சான் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தார். மழைத்தண்ணீர் மண்ணில் இறங்காமல் அடியில் பிளாஸ்டிக் படங்கு விரித்தார். மிஞ்சும் தண்ணீர் கடலுக்கு ஓடும் கானுக்குப் போகும் வழியை மண்மூட்டையால் அடைத்தார். முதல் மழையோடு கிடங்கு நிரம்பியது. பெண்கள் அள்ளி அள்ளித் துணி துவைத்தார்கள். ஆனாலும் வரம்பை விட்டு அது குறையவே இல்லை.

நானோ நாளுக்கு நாலு தரம் போய் வரம்பைப் பார்த்துவிட்டு வந்தேன். தங்கச்சி முதற்பிள்ளைப் பேற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை மாதம் நிரம்பாமல் பிறந்தது, கையளவு. குளிர் படக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வானொலியோ வங்கக்கடலில் தாழமுக்கம், பெருமழை வரும் என்றது.

"மச்சான், அடைப்பை எடுங்கோ. அடுத்த மழைக்கு இடமில்லை."

"நல்ல தண்ணியைக் கடலுக்கு விடச் சொல்லுறீங்களோ? விசரே மச்சாள் உங்களுக்கு?"

மறுநாள் மத்தியானம் வானம் கறுத்துக் கொட்டியது. கிடங்கு பொங்கி வழிந்தது. முதற்படி மூழ்கியது, அடுத்தது மூழ்கியது, பிறகு தண்ணீர் அறைக்குள் வந்து கட்டில் காலைத் தொட்டது. தங்கச்சி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலில் எழுந்து நின்றாள். "ஐயோ மாதாவே" என்பதைத் தவிர அவள் வாயில் வேறொன்றும் வரவில்லை.

நான் ஓடினேன். மச்சான் வரம்பில் நனைந்தபடி நின்றார், காவலாம்! எனக்கு வந்த கோபத்துக்கு மச்சானாவது மண்ணாங்கட்டியாவது. கிடங்குக்குள் குதித்து மூட்டையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

"வெளியில வாங்கோ!" என்று கத்தினார்.

"உள்ளுக்குப் பச்சைப்பிள்ளை கிடக்குது! உங்கட தண்ணி அதின்ர கட்டிலுக்கு வந்திட்டுது!"

அவர் என் வீட்டுப் பக்கம் திரும்பினார். ஜன்னலில் தங்கச்சி தெரிந்தாள். அவரும் குதித்தார். இருவரும் சேர்ந்து மூட்டைகளைப் புரட்டினோம். அவ்வளவு நல்ல தண்ணீரும் கான்வழியே கடலுக்குப் போனது. அவர் அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறையில் தண்ணீர் மெல்ல மெல்ல வடிந்தது. பிள்ளை காய்ந்த துணியோடு தப்பியது.

மாரி முடிந்ததும் படங்கை இழுத்தெடுத்தவர் அவர்தான். கோரையைத் திரும்ப நட்டவரும் அவர்தான். "ஆவி குடிச்சிட்டுப் போகட்டும்" என்று முணுமுணுத்தபடி நட்டார்.

இப்போது அடுத்த மாரி வந்துவிட்டது. ஒரு மழை பெய்து ஓய்ந்து நாலைந்து நாளாகி, மறுபடி வானம் இருண்டு நிற்கிறது. தங்கச்சியோடு வந்திருக்கும் பிள்ளை வாசற்படியில் தவழ்கிறது. மச்சான் மேலிருந்து குரல் கொடுத்தார்.

"மச்சாள், கிடங்கு மண் காய்ஞ்சிட்டுதோ?"

காய்ஞ்சிட்டுது என்பது கோடையில் அந்த உப்புக் கிணற்றையும் பார்த்து நாங்கள் அழுதபடி சொல்லும் சொல். நான் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன். விரலில் ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஓம் மச்சான், நல்லாக் காய்ஞ்சிட்டுது!"

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். முதல் துளி விழுந்தது.