பங்கா இழுத்த தாய்மாமன்: கரிசல் அரண்மனையில் பதினான்கு நாள்

நான் இப்போது எழுதப்போவதை நீங்கள் யாரும் நம்பப்போவதில்லை. என் மனைவி ஏற்கெனவே நம்பவில்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷமாக நான் சொன்ன எதையும் அவள் நம்பியதில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் வலது கையை உயர்த்தி உறுதி சொல்கிறேன், இது நம்ப முடியாத கதைதான். அந்த வலது கையை உயர்த்த முடிந்ததா என்பதுதான் கதையே. இதில் வரும் ரூபாய், மணி, கிலோமீட்டர் மூன்றும் என் மனைவி சரிபார்த்தவை. அவற்றை நம்பி நீங்கள் பெட்டி கட்டலாம். மற்றதெல்லாம் என் பொறுப்பு.

போன ஆடியில் ஒருநாள் காலை சட்டை மாட்டப் போனேன். இடது கை போனது, வலது கை போகவில்லை. தோள்மட்டத்தில் நின்றுகொண்டு, இதற்கு மேல் ஓர் அங்குலம் நகர மாட்டேன் என்று போராட்டம் அறிவித்தது. மதுரையில் எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தோள்மூட்டு இறுகிப்போயிருக்கிறது, பொறுமையும் பயிற்சியும்தான் மருந்து, ஒரு வருஷம்கூட ஆகலாம் என்றார். என்னிடம் ஒரு வருஷம் இல்லை. தையில் என் அக்கா மகள் கயலுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டால்தான் பெண் மணவறைக்கு நடப்பாள். கயல் வாலிபால் ஆடியவள், ஐந்தடி ஒன்பது அங்குலம். நான் ஐந்தடி மூன்று. (மனைவி திருத்தியது: ஐந்தடி இரண்டே முக்கால்.) கொண்டையும் பூவும் சேர்ந்தால் அவள் இன்னும் அரையடி ஏறுவாள். இந்தக் கையோடு நான் மாலை போடுவதென்றால் ஏணி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு யாராவது போட வேண்டும்.

அப்போதுதான், கோவில்பட்டிப் பக்கம் ஒரு பழைய ஜமீன் அரண்மனையைப் புதுப்பித்து ஆயுர்வேத சிகிச்சை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அரண்மனை என்ற சொல் காதில் விழுந்ததுமே பாதி வலி பறந்துவிட்டது. ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு மதுரையில் ரயில் ஏறி, எட்டு ஐம்பதுக்குக் கோவில்பட்டியில் இறங்கினேன். அங்கிருந்து திருநெல்வேலி சாலையில் பதினான்கு கிலோமீட்டர், பிறகு கிழக்கே திரும்பி ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நானூற்றைம்பது ரூபாய். கயத்தாறு பேருந்தில் ஏறினால் பாதை பிரியும் விலக்கில் இறங்கி அந்த ஐந்து கிலோமீட்டரையும் நடக்க வேண்டும். ஐப்பசியில் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

“எங்கன போகணும் அண்ணாச்சி?” என்றார் ஆட்டோக்காரர்.

“அரண்மனைக்கு.”

“எண்ணெய் அரண்மனைக்கா? ஏறுங்க. போன மாசம் ஒருத்தர நாலு பேரு தூக்கிட்டுப் போயி அங்கன எறக்குனோம். திரும்பி வாரப்போ நம்ம வண்டி மக்கர் பண்ணிட்டு. அவரே எறங்கி ரெண்டு கிலோமீட்டர் தள்ளிக் குடுத்தாருன்னா பாத்துக்கிடுங்க.”

என்னைப் போல அளந்துவிடும் கட்சிக்காரர் ஒருவரைக் கண்டுகொண்ட சந்தோஷத்தில் வழியெல்லாம் பேசிக்கொண்டு போனோம். இரண்டு பக்கமும் உளுந்தும் பாசியும் முளைத்து, கறுப்பு மண்ணில் பச்சைக் கோடு போட்டிருந்தது. முந்தின நாள் மழை. கடைசி முந்நூறு மீட்டருக்கு ஆட்டோ போகாது என்று அவர் என்னை இறக்கிவிட்டார். நனைந்த கரிசல் மண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது செருப்பில் ஒட்டினால் விடாது, அடிக்கு அடி கனத்துக்கொண்டே போகும். பத்தடிக்கு ஓர் அங்குலம் வீதம் நான் உயர்ந்தேன். வாசலை அடைந்தபோது கயலைவிட உயரமாக இருந்தேன். அவள் அங்கே இருந்திருந்தால் அப்போதே மாலையைப் போட்டு வேலையை முடித்திருப்பேன்.

அரண்மனைக்கு ஆயிரத்தெட்டுத் தூண். (மனைவி புகைப்படத்தில் எண்ணியது: இருபத்திரண்டு.) ஜமீன் போன பிறகு பஞ்சுக் கிடங்காகவும், அப்புறம் தீப்பெட்டிக்குச்சி அடுக்கும் இடமாகவும் இருந்ததாம். சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டிப் பழையபடி பூசி, ஒழுகிய மேல்தளத்தை மாற்றி, எட்டு அறைகள் எடுத்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த அறையின் கதவில் யானை நுழையலாம். குளியலறைக் கதவில்தான் நான் குனிந்து போக வேண்டியிருந்தது. மழை பெய்தால் சுவரிலிருந்து லேசாகப் பஞ்சு வாசம் வரும்.

வைத்தியர் ராஜலட்சுமி, நாற்பது வயதுக்காரர், சிரிக்காமல் கேலி பேசுகிறவர். என் மதுரை மருத்துவரின் சீட்டையெல்லாம் வரிவிடாமல் படித்தார். பிறகு கூடத்துச் சுவரோரம் என்னை நிற்கவைத்து, “தூக்குங்க அண்ணாச்சி, முடிஞ்ச மட்டும்” என்றார். என் விரல்நுனி போன இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு. அது என் மூக்குக்கு நேராக இருந்தது. “தெனம் காலைல ஒரு கோடு போடுவோம். அத வச்சுத்தான் அன்னன்னைக்கு வேலை.”

காலையில் தைலம், பிறகு சூடான இலைக்கிழி ஒத்தடம், அதன் பின் கஷாயம். முதல் நாள் என்மேல் ஊற்றிய எண்ணெயில் கோவில்பட்டி முழுக்க ஒரு வாரத்துக்கு வடை சுடலாம். கஷாயத்தில் ஒரு சொட்டு தரையில் சிந்தியதற்கு, அந்த வட்டாரத்து எறும்பெல்லாம் குடும்பத்தோடு மணியாச்சிக்குக் கிளம்பிப் போய் ரயிலுக்குக் காத்திருந்தன. புளி கிடையாது, கருவாடு கிடையாது. மூன்று வேளையும் கஞ்சிக்குப் பக்கத்துச் சொந்தக்காரனாக ஏதோ ஒன்று.

மூன்றாம் நாள் பகல் பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. கூடத்தில் முட்டிவலிக்குக் கட்டுப்போட்டுப் படுத்திருந்தார் மைதீன் பாய். கயத்தாற்றில் கருப்பட்டிக் கடை வைத்திருப்பவர். அவருக்கு மேலே, உத்தரத்தில் ஒரு பழைய பங்கா தொங்கியது: நீளச் சட்டத்தில் துணி கட்டி, கயிறு கோத்து, கப்பி வழியாகச் சுவரோரம் இறக்கியிருப்பார்கள். ஜமீன் காலத்தில் ஆள் உட்கார்ந்து இழுத்தால் ராஜாவுக்குக் காற்று வரும். வைத்தியர் அந்தக் கயிற்றை என் வலது கையில் கொடுத்தார்.

“நான் ராஜா மாதிரி படுக்க வந்தவன்மா.”

“படுக்கைக்கு நேத்தே ஆள் வந்துட்டு. பங்காவுக்குத்தான் ஆளில்ல. இழுங்க.”

இழுத்தேன். அப்போதுதான் சூட்சுமம் புரிந்தது. கீழே இழுப்பது நான்; திரும்பி ஆடிப்போகும்போது என் கையை மேலே கூட்டிக்கொண்டு போவது பங்கா. தானாகப் போகாத கையை அது கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போகிறது. கயிற்றில் வரிசையாக முடிச்சுகள். சுவர்க்கோடு ஏற ஏற, பிடிக்கும் முடிச்சும் ஒன்று ஒன்றாக ஏறும். வைத்தியர் கண்டுபிடித்த முறை இது.

“கொஞ்சம் வெரசா இழுங்க அண்ணாச்சி, காத்தே வரல” என்றார் மைதீன் பாய், கண்ணை மூடிக்கொண்டு.

“பாய், இது சிகிச்சை.”

“எனக்கும் சிகிச்சதான். நல்லா இழுத்தீங்கன்னா ஒரு கிலோ கருப்பட்டி தாரேன்.”

அன்று மாலை அக்காவிடம் போனில் சொன்னேன்: “அக்கா, கை ஆகாயத்துக்குப் போகுது. நேத்து ஒரு மேகத்தத் தள்ளி விட்டேன்.” அவளும் நம்பிவிட்டாள். மாலைக்குச் சொல்லியாயிற்று, ரோஜாவும் சம்பங்கியும் என்றாள். சொன்ன வாக்குக்குக் கையும் ஈடுகொடுக்க வேண்டுமே! நான்காம் நாள் காலை சுவரில் நின்றபோது குதிகாலைக் கொஞ்சம் தூக்கினேன். கோடு இரண்டு விரல் ஏறியது. ஐந்தாம் நாள் இன்னும் இரண்டு விரல். வைத்தியர் புருவத்தை உயர்த்தினார். கோட்டை நம்பி என்னை இரண்டு முடிச்சு மேலே பிடிக்கச் சொன்னார். இழுத்த இழுப்பில் தோளுக்குள் யாரோ மிளகாய் அரைத்தார்கள். ஆறாம் நாள் கை நாடியை, அதாவது முகவாயை, தாண்டவில்லை. முதல் நாள் கோட்டுக்குக் கீழே போய்விட்டது.

வைத்தியர் சுவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். கடப்பைக்கல் தரையில் என் எண்ணெய்க் கால்தடம் பதிந்திருந்தது. மூன்று நாள் பழக்கம் விடுமா, அன்றைக்கும் எம்பியிருக்கிறேன். விரல்கள் பதிந்திருந்தன, குதிகால் பதியவில்லை.

“எத்தன நாளா இப்படி நிக்கீங்க?”

“மூணு நாளா.”

“நீங்க வாயால எவ்வளவு வேணும்னாலும் அளந்துக்கிடுங்க அண்ணாச்சி, நானும் கேட்டுச் சிரிச்சுக்கிடுதேன். ஆனா கோடு எனக்குச் சொல்லுத ஒரே ஆளு. அதுவும் பொய் சொன்னா நான் யார நம்பி ஒங்க தோளத் தொடுவேன்?”

என் ஐம்பத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக ஒரு காரியம் செய்தேன். போனை எடுத்து அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன்: கை நாடி வரைக்கும்தான் வருகிறது, அதுவும் நான் பண்ணின கோளாறு. “ஏலே, வெளையாடுதியா நெசமா?” என்றாள். நிஜம் என்றேன். “அப்போ பெரியப்பா மகனப் போடச் சொல்லட்டுமா?” அவள் கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள்.

கயல் போனைப் பிடுங்கினாள். “வேற யாரு போட்டாலும் நான் மணவறைக்குப் போகமாட்டேன். மாமா, நீங்க போடுங்க. நான் குனிஞ்சுக்கிடுதேன்.”

“குனியாதட்டி” என்றேன். “இன்னும் ரெண்டு மாசம் இருக்கு.”

அதற்குப் பிறகு நடந்ததில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எனக்கே ஆச்சரியம். இரண்டு நாள் கயிற்றைத் தொடவில்லை, ஒத்தடம் மட்டும். ஒன்பதாம் நாள் அடிமுடிச்சிலிருந்து மறுபடி ஆரம்பம். காலை நூறு இழுப்பு, மாலை நூறு. மைதீன் பாய் எண்ணுவார். பேச்சு சுவாரசியத்தில் எழுபதிலிருந்து அறுபதுக்கு வருவார். குதிகால் தரையிலேயே இருக்கிறதா என்று பார்க்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். பதினான்காம் நாள் கோடு என் நெற்றிப்பொட்டுக்கு நேராக விழுந்தது. மூக்கிலிருந்து நெற்றிக்கு நான்கு விரல்தான். வைத்தியர் முதல்முறையாகச் சிரித்தார். “இது நீங்க வளத்தது. வீட்டுல விடாம செஞ்சா மிச்சமும் வரும்.”

போக நினைப்பவர்களுக்கு: ஒரு நாளைக்கு அறை, சாப்பாடு, சிகிச்சை சேர்த்து மூவாயிரத்து இருநூறு ரூபாய். வாரக்கணக்கில்தான் எடுக்கிறார்கள். முதலில் உங்கள் மருத்துவரிடம் படம் எடுத்து என்ன கோளாறு என்று தெரிந்துகொண்டு, அந்தச் சீட்டுகளோடு போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். எண்ணெய் படிந்தாலும் கவலைப்படாத பழைய துணி நான்கு செட் தேவை. மாசியிலிருந்து ஆவணி வரை வெயில் ஆளை வறுக்கும், ஐப்பசி கார்த்திகையில் சேறு, மார்கழிதான் சுகம். திரும்பும்போது கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்குங்கள், வைத்தியர் கண்ணில் படாமல். பதினான்கு நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அது என்னைப் போன்ற ஆள், நம்பாதீர்கள். அரண்மனை தொடங்கித்தான் வைக்கும். நான் வீட்டு வாசல் நிலைக்கு மேலே ஒரு கிணற்றுக் கப்பியை மாட்டி, இரண்டு மாதம் காலையும் மாலையும் இழுத்தேன். தோளுக்கும் அரண்மனைக்கும் வித்தியாசம் அதிகமில்லை. இரண்டையும் அவசரப்பட்டு இடித்துக் கட்ட முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மீட்க வேண்டும்.

என் மனைவி சரிபார்த்ததை விட்டுவிடுங்கள். நான் சொன்னதில் மேகம், எறும்பு, யானை எல்லாம் சுத்தப் பொய். ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தையில், திருநெல்வேலியில் ஒரு மண்டபத்தில், காலை எட்டு மணிக்கு, குதிகால் இரண்டும் தரையில் இருக்க, ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய மாலை கொண்டையைத் தொடாமல் தாண்டி அவள் கழுத்தில் இறங்கியது. கயல் குனியவில்லை.