நான் வைத்துக் கொடுத்த முடி

இல்லாத முடியை ஒருவனுக்குப் படத்தில் வைத்துக் கொடுத்தேன். பிழை அங்கேதான் நடந்தது. கல்முனையில் ஸ்டூடியோ வைத்துக் கிழவனாகிப் போனவன் நான். இந்தத் தொழிலில் மூடின கண்ணைத் திறக்க வைக்கலாம், கறுத்தவனை வெளுக்க வைக்கலாம். எங்கே நிறுத்துவதென்றுதான் தெரிவதில்லை. கமராவோடு காலம் தள்ளுகிறவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

முதல் படம்

நிஸாம்தீன் மருதமுனைப் பொடியன். கட்டாரில் வேலையை முடித்துக்கொண்டு வந்தவனுக்குக் கலியாணம் பேசினார்கள். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்தான். அந்த நேரம் பஸார் அரைத் தூக்கத்தில் கிடக்கும். கடல் காற்று கதவுச் சீலையை ஊதி ஊதி விடும். நீல வானம் வரைந்த திரைக்கு முன்னால் இருந்து தொப்பியைக் கழற்றினான். நெற்றி உச்சி வரைக்கும் போயிருந்தது. குனிந்துகொண்டான்.

பெண் வீட்டுக்கு அனுப்பும் படம், பார்த்துச் செய்யுங்கள் என்றான். கம்ப்யூட்டரில் ஒரு முடி வைத்திருந்தேன். யாருடையதோ, மறந்துபோயிற்று. எடுத்து வைத்தேன். அந்த நீல வானத்திலிருந்து ஒரு கரிய மேகம் மெல்ல இறங்கி அவன் தலையில் தங்கின மாதிரி இருந்தது. நெடுநேரம் பார்த்தான்.

"மாமா, இந்த ஆளாவே போய் இருந்திரலாம் போல இரிக்கி."

தொப்பி

சாய்ந்தமருதில் பெண். சரி என்றார்கள். பெண் பார்க்கப் போனதும் தொப்பியோடு. வீடியோவில் கதைத்ததும் தொப்பியோடு. எங்கள் பக்கம் காவின் எழுதி நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டோடுதான். மாமியும் மச்சினிமாரும் நடமாடுகிற வீட்டில் எத்தனை நாள் தொப்பியோடு உறங்குவான்?

படத்துக்கேற்ற தலையைச் செய்வோம் என்று கொழும்புக்குப் போனான். பின்மண்டையிலிருந்து ஒவ்வொரு வேராகக் கிள்ளி முன்னால் நடுவார்களாம். நடுவதற்கு முன்னே ஒரு படம், நட்ட பிறகு ஒரு படம் வேண்டும் என்று டொக்டர் கேட்க, அதற்கும் என்னிடமே வந்தான். வாசல் வாங்கில் குந்திக் காத்திருந்த சாகாமத்துப் போடியார் ஒருவர் முழுக் கதையையும் காதில் வாங்கிக்கொண்டிருந்தார். நெல் தவிர வேறொன்றும் அறியாத மனிசன்.

"நாங்க வீசி விதைச்சிட்டுப் போற ஆக்கள் தம்பி. நட்டு முளைச்சா எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லுங்க."

உதிர்ந்த மாதம்

நட்டது ஒரு மாதத்தில் கொட்டிப் போயிற்று. முதலில் கொட்டும், மறுகா முளைக்கும் என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தாராம். முளைத்ததும் உண்மை. விளக்குக்கு நேரே இருந்தால் இருக்கிறது, சற்றுத் திரும்பினால் இல்லை. ஒரு கையில் என் படம், முன்னால் கண்ணாடி. மாறி மாறிப் பார்த்தான்.

உச்சிக்கு இரண்டாம் தரமும் நட்டான். அதற்குள் காவின் நாள் இரண்டு தரம் தள்ளிப் போனது. பெண் வீட்டார் முகம் சுளிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தரமும் வாப்பாவுக்குச் சுகமில்லை என்பதே சாட்டு. அந்த மனிசனோ நாள் தவறாமல் சைக்கிளில் மீன் வாங்கப் போகிறவர்.

"வாப்பாக்கு வைக்கிறதுக்கு இனி ஒரு வருத்தமும் மிச்சமில்ல மாமா."

பின்பக்கம்

மூன்றாம் தரத்துக்குப் பின்பக்கப் படம் கேட்டார்கள். எடுத்தேன். அவன் ஒருநாளும் பார்த்திராத இடம் அது. நான் பார்த்தேன். தோல் தெரிந்தது.

படத்தைப் பார்த்த டொக்டர் கையை விரித்துவிட்டார். இத்தனை தரம் என்று எல்லாருக்கும் ஒரே கணக்குக் கிடையாதாம். சிலருக்கு ஒன்று, சிலருக்கு மூன்று. எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. பின்னால் உள்ள இருப்பு எவ்வளவோ அவ்வளவுதான். இவனுக்கு இரண்டோடு முடிந்தது. பெண் வீட்டார் இன்னொரு தரம் பொறுக்கமாட்டார்கள் என்றும் தெரிந்திருந்தது. அந்த நீலத் திரையைப் பார்த்தபடி, அங்கே யாரோ நிற்கிற மாதிரிக் கதைத்தான்.

"புள்ளைக்கிட்ட உள்ளதச் சொல்லிரவா மாமா?"

மூன்று படங்கள்

சொல்லித் தொலை என்றேன். அவன் சொல்லவில்லை. அடுத்த கிழமை ஒரு பிள்ளை தன் ராத்தாவோடு படியேறினாள். பேர் ரிஸ்மியா, நிஸாம்தீனுக்குப் பேசின பிள்ளை தானென்றாள். படம் எடுக்க வரவில்லை. போனை மேசையில் வைத்தாள். அவளுக்கு வந்த சம்பந்தங்கள், மூன்று மாப்பிள்ளைகள், மூன்று படங்கள். மூன்றிலும் என் நீல வானம். மூன்றிலும் ஒரே வகிடு, வலக் காதுக்கு மேலே ஒரே சுருள். மூன்றும் நான் வைத்த அதே முடி.

முடி பொய்யென்று முதல் நாளே தெரியுமாம். அவராகச் சொல்வார் என்று இருந்தாளாம். நாள் தள்ளிப் போகப் போக அவளுக்கும் பயம் வந்துவிட்டதாம், தன்னைத்தான் பிடிக்கவில்லையோ என்று. பிறகேன் பிள்ளை இவனுக்கு ஓம் சொன்னாய் என்று கேட்டேன்.

"மத்த ரெண்டு பேரும் அந்த முடிக்குத் தக்கன சிரிச்சிக்கிட்டு இரிக்காங்க. இவர்ர முகம் மட்டும் இது என்ட இல்ல எண்டு சொல்லிச்சி."

முடி வைக்காத படத்தைக் கேட்டாள். அழிக்காமல் வைத்திருந்தேன். பெரிதாக அச்சடித்துக் கொடுத்தேன். காற்று அந்தப் படத்தை அவள் கையில் மெல்ல ஆட்டியது. படியிறங்கப் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"அவருக்கிட்டச் சொல்லுங்க மாமா, தொப்பிய இனித் தொழுறதுக்கு மட்டும் போட்டாக் காணும்."

ஒரு தலைக்கு எத்தனை தரம் முடி நடலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் கண்டது இவ்வளவுதான்: ஒரு தரம் நான் வைத்தேன், இரண்டு தரம் டொக்டர் நட்டார், கடைசியில் எல்லாவற்றையும் சரியாக்கினவள் ரிஸ்மியா.