கடைசி வீட்டு வால்வு

ஞானமுத்துவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை வலைபோட்டுத் தேடினாலும் பிடிக்க முடியாது. நாய் குரைத்தால் தெருவையே மாற்றிவிடுகிற ஆள். பேரையூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பதினாறு வருஷமாகத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. காலையில் மோட்டாரைப் போட்டு டேங்க் நிரம்பியதும், இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு தெருத்தெருவாய் வால்வைத் திறப்பார். ஊரில் கிறிஸ்தவ வீடு அவருடையது ஒன்றுதான். அதற்காக யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அவரும் யார் வாயிலும் விழாமல் காலத்தை ஓட்டினார்.

அப்போதுதான் மலையாண்டியின் மகள் நாகஜோதி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். மகளைத் தலைமுழுகச் சொன்னது ஊர். மலையாண்டியோ தீபாவளிக்கு மகளையும் மருமகனையும் அழைத்துக் கறிவிருந்து வைத்தார். விடுமா ஊர்? கூட்டம் போட்டு அந்த வீட்டை ஒதுக்கிவைத்தது. கடையில் சாமான் கிடையாது, பேச்சு கிடையாது, தண்ணீரும் கிடையாது. அவர்களுக்கு ஒத்தாசை செய்கிறவனுக்கும் அதே கதி.

ஊர்ப் பெரியவர் மருது, ஞானமுத்துவைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, அந்தக் கடைசி வீட்டு வால்வை அடைச்சிரு."

"சரிண்ணே."

ஒரு மறுபேச்சு உண்டா? தெருவே பார்க்கப் போய் அடைத்துவிட்டு வந்தார், பாவி மனுஷன்.

பத்து நாள் ஆயிற்று. மலையாண்டி மனைவி பாண்டியம்மாள் டி. கல்லுப்பட்டிக்குப் பஸ்ஸேறிப் போய், இரண்டு கேனில் தண்ணீர் பிடித்து வந்தாள். அவள் எதிரே வரும்போதெல்லாம் ஞானமுத்து வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பேரையூர் சர்ச்சில் திருவிருந்து. முழங்காலிட்டிருந்தவர் முன்னால் போதகர் திராட்சரசக் கிண்ணத்தை நீட்டினார். ஞானமுத்துவின் கண்ணுக்குள் பாண்டியம்மாளின் கேன்கள் வந்து நின்றன. வாய் வைக்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டார்.

"என்னங்க, மேலுக்கு முடியலையா?" என்று மனைவி எஸ்தர் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"நாளைக்கு அந்த வால்வைத் தொறக்கப்போறேன் எஸ்தரு. ஈரக்கொலை நடுங்குது."

எஸ்தருக்கும் முகம் வெளுத்துவிட்டது. ஊர் ஒதுக்கினால் போக்கிடம் ஏது? "ஒருத்தருக்கும் தெரியாம தொறந்து, வெள்ளனே அடைச்சிருங்களேன்."

"அடைச்சது எல்லாரும் பாக்கத்தானே அடைச்சேன்?" என்றார் அவர்.

திங்கட்கிழமை காலை, எல்லாக் குழாயடியிலும் கூட்டம். கடைசி வீட்டு வால்வுத் தொட்டிக்கு முன்னால் நின்றபோது சாவி இரண்டு தடவை கைநழுவி விழுந்தது. மூன்றாவது தடவை வால்வு திரும்பியது. மலையாண்டி வீட்டுக் குழாய் முக்கி முனகித் தண்ணீரைக் கொட்டியது.

"ஏய்! கிறுக்குப் பிடிச்சிருச்சாடா உனக்கு? அடை!" என்று மருது ஓடிவந்தார்.

"மாட்டேன்ணே."

தன் வாய்தான் சொன்னதா என்று அவருக்கே திக்கென்றது. அப்படியே தொட்டி மூடிமேல் உட்கார்ந்துவிட்டார். ஊர் அதை மறியல் என்று நினைத்தது. முழங்கால் விட்டுப்போனதுதான் நிஜம்! தண்ணீர் ஒரு மணி நேரம் ஓடியது. ஆளாளுக்கு வைதார்கள். அவர் எழவில்லை, எழ முடியவில்லை.

சாயங்காலம் மைக்கில் அறிவிப்பு வந்தது. ஞானமுத்து வீடும் ஒதுக்கப்பட்டது. வால்வுச் சாவி சுருளி என்கிற இளவட்டத்தின் கைக்குப் போனது.

மறுநாள் காலை, ஞானமுத்து வீட்டுக் குழாய் காற்றைத்தான் கக்கியது. தெருவில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கதவுத் தாழ்ப்பாளை ஒருதரம் இழுத்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து யாரோ கதவைத் தட்டினார்கள். வந்துவிட்டார்கள் என்று எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டார். எஸ்தர்தான் போய்த் திறந்தாள்.

இடுப்பில் குடத்தோடு பாண்டியம்மாள் நின்றாள்.

"நேத்து நீங்க விட்ட தண்ணிதான்ணே. அண்டா குண்டா அம்புட்டுலயும் பிடிச்சு வச்சிட்டேன்."

"யாராச்சும் பாத்துறப் போறாக, போயிரு தாயி."

"பாத்தா என்ன? உங்களையும் ஒதுக்கியாச்சு, எங்களையும் ஒதுக்கியாச்சு. இனி நாம பேசிக்கிறதை எவன் தடுப்பான்?"

எஸ்தர் சொம்பில் மோந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

"பத்து நாளா உன் குழாயை அடைச்சு வச்சது நான்தான் தாயி."

"தெரியும்ணே. குடிங்க."

ஞானமுத்து குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது.