தவமணி அக்கா தொட்ட மண்சுவர்

முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலைக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தபோது சுகந்தியின் அழைப்பு வந்தது. தவமணி அக்காவின் மகள். வேலை நேரத்தில் என்னை அழைக்காத பிள்ளை. “அன்ரி, அம்மா போயிட்டா” என்றாள். “எங்கை?” என்று கேட்டுவிட்டேன். எனக்கு அப்படித்தான் வாயில் வந்தது. மறுமுனையில் அவள் அழத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் தன் வீட்டில், தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது. கஞ்சி அடிப்பிடித்துப் போயிற்று. இருபத்திரண்டு வருடம் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று சமைத்த அடுப்பு அது.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலரின் படியைச் சுகந்தி எனக்கு அனுப்பியிருந்தாள், எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி. அவள் இங்கே பிறந்தவள். அவளுடைய தமிழுக்கு நான்தான் காவல். பிழை அதிகமில்லை. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: “தனக்கென்று எதையும் விரும்பாதவர், வீடும் வேலையும் உறவும் தவிர வேறெங்கும் போயறியாதவர்.” அக்காவைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் அதை வாசித்துத் தலையாட்டியிருப்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுத்தில் பிழையில்லை, விஷயத்தில்தான் பிழை. அதைத் திருத்தாமல் விட்டால் அக்கா அப்படியே அச்சில் கிடந்துவிடுவார்.

எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. மாதத்துக்கொரு வெளிநாட்டுப் படம். ஒரு வருடம் செப்டெம்பருக்கு ஒரு மண்கோட்டை வந்தது; ஓமான் நாட்டில் பஹ்லா என்ற ஊர். பாலைவனம், பேரீச்சை மரங்கள், நடுவில் வெயிலில் காய்ந்த மண்கல்லால் எழுப்பிய பெருஞ்சுவர்கள். ஒக்டோபர் பிறந்தும் அக்கா தாளைத் திருப்ப விடவில்லை. அந்தச் செப்டெம்பரைப் பார்த்துக் கிழமை கணக்கிட்டு, ஓய்வு நாளில் விடியக் காலமை என் வீடிருக்கும் வெஸ்ட்லியிலிருந்து ரயிலேறி வேலைக்கு வந்து நின்றவள் நான். “தாளைத் திருப்பினா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?” என்று கத்தினேன். அவர் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தாமல் சொன்னார்: “எங்கடை அம்மருட் மாடியிலை கொங்கிரீட்டே வெடிச்சு, மூண்டு வருசமாச் சாரம் கட்டி நிக்குது. இது வெறும் மண், யோகா. நூற்றுக்கணக்கான வருசமா நிக்குது. ஒருக்கா தொட்டுப் பாக்கோணும்.”

அக்கா பயணம் செய்யாதவர் அல்ல. லண்டன், பாரிஸ், ரொறன்ரோ எல்லாம் போனவர்தான். ஆனால் எல்லாம் கலியாணம், சாமத்தியச் சடங்கு, பிள்ளைப்பேறு, செத்தவீடு. நமக்கெல்லாம் பயணம் என்றால் அதுதானே? ரொறன்ரோவில் பன்னிரண்டு நாள் நின்றவர் பெறாமகளின் குசினியையும் மண்டபத்துக் கார் தரிப்பிடத்தையும் தவிர எதையும் காணவில்லை. “சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத ஊரொண்டு இருக்கோணும்” என்று சொல்லிச் சிரிப்பார். அந்த ஒக்டோபரில் சிரிக்காமல் சொன்னார்.

நோர்வேயில் ‘கூர்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. வேலையிடம் அனுப்பும் பயிற்சி வகுப்பு. அந்தச் சொல்லைச் சொன்னால் வீட்டில் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். நவம்பரில் எங்கள் இருவருக்கும் பேர்கன் நகரில் நான்கு நாள் கூர்ஸ் வந்தது. உணவுச் சுகாதாரம் பற்றியது. பொய்க்குத் தலைப்பு வைத்தவர் அக்காதான். என் வீட்டிலும் அதையே சொன்னேன். இதை வாசிக்கும் என் கணவருக்கும் இது புதுச் செய்தி. மன்னித்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் அவருடைய பெட்டியைத் தூக்கியபோது என் தோள்மூட்டு கழன்றதுபோல் இருந்தது. உள்ளே பழுப்புச் சீஸ் நான்கு கட்டி, சொக்கலேட், கம்பளிக் காலுறை. “இது ஆருக்கு?” என்றேன். “தெரியாது. வெறுங்கையோடை போறதோ?” என்றார். “அக்கா, நாங்கள் போறது கோட்டைக்கு. கலியாண வீட்டுக்கில்லை.” “கோட்டையெண்டாலும் ஆராவது இருப்பினம்தானே” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு நடந்தார். முப்பது வருடம் சொந்தக்காரருக்குப் பொதி காவிய பழக்கம், விடவா போகிறது?

மஸ்கட்டிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். காய்ந்த மலைகளைக் கடந்து இறங்கியதும் பேரீச்சந் தோட்டங்களுக்கு மேலே அந்தச் சுவர் எழுந்து நின்றது, படத்தில் கண்டதைவிடப் பெரிதாக, படத்தில் இல்லாத வெக்கையோடு. அக்கா படலைக்குப் போகவில்லை. நேரே சுவரடிக்குப் போய் உள்ளங்கையை வைத்தார். மண்ணில் வைக்கோல் துணுக்குகள் தெரிந்தன. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியாது. எனக்குத் தலை சுடத் தொடங்கிவிட்டது. “சூடாக் கிடக்குது, யோகா. மாட்டிலை தொட்ட மாதிரி” என்றார். நானும் தொட்டேன். மாடு போலத்தான் இருந்தது.

உள்ளே அறைக்குள் அறையாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒடுங்கிய படிகள், குனிந்து நுழையும் வாசல்கள், வெளிச்சம் விழும் சிறு துவாரங்கள். தளபாடம் என்று ஒன்றுமில்லை. நான் ஏமாந்துபோனேன். பார்க்க ஏதாவது வைத்திருக்கலாமே என்று புறுபுறுத்தேன். அக்காவோ ஒவ்வோர் அறையின் நடுவிலும் போய் நின்று சுற்றிப் பார்த்தார். “எவ்வளவு அறை! ஒண்டும் துடைக்கத் தேவையில்லை. ஒருத்தருக்கும் சமைக்கத் தேவையில்லை” என்றார். அவர் முகத்தில் நான் கண்ட மகிழ்ச்சியை ரொறன்ரோக் கலியாண வீடியோ எதிலும் காணமுடியாது.

கோபுரத்தின் உச்சிக்கு ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. சுகந்தி. பேர்கன் என்றால் மழை என்று நோர்வேயில் எல்லோருக்கும் தெரியும். “அம்மா, அங்கை மழையோ?” என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது. மேகத்தின் துண்டுகூட இல்லாத வானத்தின் கீழ், முந்தானையால் வியர்வையைத் துடைத்தபடி அக்கா சொன்னார்: “ஓம் பிள்ளை, ஒரே மழை. குடை கொண்டு வந்தது நல்லதாப் போச்சு.” நான் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டேன்.

சிரித்து முடிந்த பிறகுதான் கேட்டேன்: “பிள்ளையளுக்கு உண்மையைச் சொன்னா என்ன? தடுப்பினமோ?” அக்கா கீழே தெரிந்த தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தடுக்கமாட்டினம். கூட வருவினம். வந்தா எனக்குப் பேரப்பிள்ளையின்ரை தொப்பியும் தண்ணிப் போத்திலும்தான் தெரியும், கோட்டை தெரியாது. நான் இருக்குமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதை. பிறகு உன்ரை விருப்பம்.” அதில் கசப்பு ஒரு துளியும் இருக்கவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. என் பெட்டியிலும் எனக்கென்று நானே விரும்பி வைத்தது எதுவுமில்லை என்று அப்போது தோன்றியது.

இறங்கி வந்தபோது வாசலில் காவலாளி இருந்தார், வெள்ளை அங்கி, வெள்ளைத் தாடி. அக்கா பையைத் திறந்து பழுப்புச் சீஸ் நான்கையும் காலுறையையும் அவரிடம் நீட்டினார். சொக்கலேட் காரிலேயே குழம்பாகிவிட்டது. முப்பது பாகை வெக்கையில் கம்பளிக் காலுறை! நான் வெட்கத்தில் தூணின் பின்னால் போனேன். காவலாளியோ எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து வாங்கினார். சீஸில் ஒரு சீவல் வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அக்காவை இருத்தி, சின்னக் கோப்பையில் கோப்பியும் ஒரு தட்டுப் பேரீச்சம்பழமும் தந்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அக்கா தமிழிலேயே கதைத்தார், அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். தூணின் பின்னால் நின்ற நான்தான் அங்கே விருந்துக்கு வராத ஆள்.

புறப்படும்போது சுவரின் முன்னால் அவரை நிறுத்திப் படம் எடுத்தேன். “கையை என்ன செய்யிறது?” என்று கேட்டார். “சும்மா விடுங்கோ” என்றேன். விட்டார்.

திரும்பி வந்தபோது ஒஸ்லோவில் முதற்பனி. கதவைத் திறந்த சுகந்தி, “என்னம்மா, பேர்கனிலை இப்பிடிக் கறுத்துப் போனீங்கள்?” என்று கேட்டாளாம். “கூர்ஸ் அடுப்படியிலையெல்லோ” என்று அக்கா சொன்னாராம். மறுநாள் இதைச் சொல்லும்போது அவருக்குக் கரண்டி பிடிக்க முடியாத சிரிப்பு.

போன சனிக்கிழமை மலரின் படியோடு நான் அம்மருட்டுக்குப் போனேன். மேசையில் அதற்காகத் தெரிந்தெடுத்த படங்கள் பரவிக் கிடந்தன. எல்லாவற்றிலும் அக்காவின் இடுப்பில் யாருடையதோ ஒரு பிள்ளை, அல்லது கையில் ஒரு தட்டம். பக்கத்தில் நான் என் படத்தை வைத்தேன். சுகந்தி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். “டு துல்லர், அன்ரி! பகிடி விடாதேங்கோ” என்று நோர்வே மொழியிலும் தமிழிலும் ஒன்றையே சொன்னாள். முழுவதையும் சொன்னேன். கோபம் வந்தது அவளுக்கு. “ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் மறிச்சிருக்கமாட்டனே! நானும் கூடப் போயிருப்பன்!”

அக்கா கோபுரத்தில் சொன்னதை அப்போது அவளுக்குச் சொன்னேன், ஒரு சொல் குறைக்காமல். சொல்லவேண்டுமா என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். பிறகு பேனையை எடுத்து, அந்த வரியைத் தானே வெட்டினாள். எழுத்துக்கூட்டி எழுதினாள்: “அம்மா ஒரு மண்கோட்டையைப் பார்க்க விரும்பினா. போய்ப் பார்த்தா.” நான் பிழை பார்த்தேன். ஒன்றுமில்லை. படம் முதற்பக்கத்தில் வருகிறது. கை இரண்டும் வெறுமையாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அக்கா நிற்கிறார்.

ஓய்வு பெற்ற நாளில் அக்கா அந்தச் செப்டெம்பர்த் தாளை ஆணியிலிருந்து கழற்றி எனக்குத் தந்தார். “இனி வேலைக்குப் பிழையா வரமாட்டாய்” என்றார். அது இப்போது என் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது. கிழமைகள் எதுவும் பொருந்தாது. ஆனாலும் நான் அதைத் திருப்பப் போவதில்லை.