அப்பாவின் மார்பளவுச் சிலை

எங்கள் பக்கத்தில் கொஞ்சம் வசதி இருக்கிறவர்கள், இறந்தவரைச் சொந்த நிலத்திலேயே புதைத்து, மேலே மேடை கட்டி, மார்பளவுச் சிலை ஒன்றும் வைத்துவிடுவார்கள். பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகிற பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தால், குச்சிக்கிழங்குக் காடுகளுக்கு நடுவே தங்கப் பெயிண்ட் பூசிய முகங்கள் வந்து வந்து போகும். கவின்கலைக் கல்லூரியில் படித்த காலத்தில் நண்பர்களைக் கூட்டிவந்து காட்டி, அவற்றை நன்றாகக் கிண்டல் செய்திருக்கிறேன்.

அப்பா இறந்ததும் அது என் தலையிலேயே விடிந்தது. வீட்டிலேயே சிற்பி இருக்க, சிலைக்கு வெளியே யாரிடம் போவார்கள்? வருஷம் திரும்புவதற்குள் சிலை வைத்துவிட வேண்டும், நம் பையன் பார்த்துக்கொள்வான் என்று காரியத்தன்றே பெரியப்பா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன். என் சிற்பங்கள் டெல்லி கண்காட்சி வரைக்கும் போனவை. இந்த ஒரு முகம் வராதா என்ன?

வரவில்லை.

ஏன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இந்த நாட்டில் நவீன சிற்பத்தைத் தொடங்கிவைத்தவர்களில் பலர், வெள்ளைக்காரர் காலத்துக் கலைப் பள்ளிகளில் அச்சு அசலாக முகம் செய்யக் கற்றவர்கள். துரைக்கும் ஜமீன்தாருக்கும் சிலை செய்து கை தேறிய பிறகுதான் அது சலித்தது. உருவத்தை உடைத்தார்கள். கோயில் கல்லையும் பழங்குடிகளின் உலோக வார்ப்பையும் புதிதாகப் பார்த்தார்கள், பழைய இரும்பைக்கூடப் பற்றவைத்துப் பார்த்தார்கள். நாங்கள் அவர்கள் உடைத்த இடத்திலிருந்து தொடங்கினோம். அச்சு அசல் வேண்டுமென்றால் போட்டோ எடுத்துக்கொள் என்று வகுப்பில் சிரிப்போம். அவர்கள் தெரிந்துகொண்டு விட்டதை, நாங்கள் தெரிந்துகொள்ளாமலே விட்டோம். அதற்குக் கொள்கை என்று பேர் வேறு.

மாட்டுக் கொட்டகையை ஒட்டிய ஷெட்டில் கம்பி கட்டிக் களிமண் அப்பினேன். ஆதார் படத்தை வைத்துப் பார்த்தேன், தங்கச்சி கல்யாண ஆல்பத்தை வைத்துப் பார்த்தேன். மூக்கு வந்தால் வாய் போனது. வாய் வந்தபோது யாரோ பஸ் கண்டக்டர் மாதிரி இருந்தார். படமே வேண்டாம் என்று கண்ணை மூடினால், மொபெட்டில் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிற முதுகாகத்தான் அப்பா தெரிந்தார். எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்த ஒரு பொழுதும் நினைவுக்கு வரவில்லை. மகனாகவும் வெட்கப்பட்டேன்.

ஒருநாள் பெரியப்பா பார்க்க வந்தார். மண் உருவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கற. யாரு இது? உங்கப்பனுத எப்ப ஆரம்பிக்கப் போற?"

கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். ஏதோ சொல்லி மழுப்பி அனுப்பிவிட்டு, மண்ணையெல்லாம் பிடுங்கித் தொட்டியில் போட்டேன். அப்புறம் அழுதேன்.

நாள் நெருங்கியபோது தங்கச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். தருமபுரியில் கட்சித் தலைவர்கள் சிலை செய்கிற ஒருவரிடம் போட்டோவைக் கொடுத்துவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம், அம்மாவுக்குக்கூட என்றாள். நான் மறுத்திருக்க வேண்டும். எனக்கோ உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது. ஃபைபர் சிலையைப் போர்வை சுற்றி நானே காரில் கொண்டுவந்தேன். அப்பா அப்படியே இருந்தார்.

நினைவு நாளன்று துணியை விலக்கியதும் அத்தைகள் அழுதுவிட்டார்கள். பெற்ற மகன் கையால் செய்தால்தான் இப்படி உயிர் வரும் என்று பெரியப்பா வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கூனிக் குறுகி நின்றேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பாடு முடிகிற நேரம், ஏரியூரிலிருந்து வந்த உறவுக்காரப் பெரியவர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். சமீபத்தில் இறந்துபோன அவருடைய மனைவி. இதே மாதிரி இவளையும் செய்து கொடு சாமி என்று கேட்டார். இவரையுமா ஏமாற்றுவது என்று ஆகிவிட்டது எனக்கு. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்றிருந்த அம்மா முந்திக்கொண்டாள்.

"அவன் இனி யாருக்கும் செய்ய மாட்டானுங்கண்ணா. ஷெட்டுக்குள்ள அவன் மண்ண அப்பறதும் பிடுங்கறதும் அழுவறதுமா பட்ட பாட்ட நான் பாத்துக்கிட்டுத்தானுங்க இருந்தேன். அப்பனுக்குன்னு ஒண்ணு செஞ்சான். அதோட போதும், உட்டுருங்க."

பொய் சொல்லி நான் பார்த்ததில்லை அம்மாவை. சொல்லி முடித்தும் என் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெரியவர் போட்டோவைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பிள்ளை வயசுக்காரனான என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நானும் கும்பிட்டேன்.