பூனாவிலிருந்து வந்த வண்டியும் என் மூன்று போல்ட்டும்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன் கட்டியவை இவை. சூலூரில் ரோட்டை ஒட்டி, எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் ஷெட் ஒன்று. ஷெட்டுக்குப் பின்னால் மாடி வைத்த வீடு. பழைய சைக்கிளின் பெடலையும் செயினையும் கழற்றி நானே செய்த காயில் சுற்றும் மிஷின். சிங்காநல்லூரிலிருந்து ஆட்கள் வந்து அளவெடுத்துக்கொண்டு போன மிஷின் அது. யாருடைய காட்டில் என் அப்பன் கூலிக்கு மண்வெட்டி பிடித்தாரோ, அந்தக் காட்டுக்காரர் வீட்டுப் போர்வெல் மோட்டார் இன்று என் ஷெட் வாசலில் வரிசையில் காத்திருக்கிறது. கடைசியாக, ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒரு இன்ஜினியர் மகள். மகளையும் நான்தான் ஆளாக்கினேன் என்றால் என் வீட்டுக்காரி சண்டைக்கு வருவாள். அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எரிந்த மோட்டாரைப் பிரிக்காமலே மூக்கால் முகர்ந்து, ஸ்டார்ட்டிங் காயில் போயிருக்கிறதா, ரன்னிங் காயில் போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். இந்தச் சுற்று வட்டாரத்தில் அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. இருந்தும் ஒரு மோட்டார் என்னைத் தரையில் உட்கார வைத்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மகள் ஜெர்மனிக்குப் போவதற்கு முன் நாலு வருடம் பூனாவில் இருந்தாள். அங்கே அவள் வாங்கிய எலக்ட்ரிக் ஸ்கூட்டர், அவள் போன பிறகும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் தூசி படிந்து நின்றது. வண்டியை எடுக்கச் சொல்லி வீட்டு ஓனர் நச்சரிக்க ஆரம்பித்தார். விற்றுவிடு என்றேன். அவள் கேட்கவில்லை. கோயமுத்தூருக்கு அனுப்புகிறேன், அம்மாவுக்கு வேண்டும் என்றாள்.

அம்மாவுக்கு எதற்கு ஸ்கூட்டர் என்று சிரித்தேன். காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. என் வீட்டுக்காரியின் அக்கா சோமனூரில் இருக்கிறார். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தார். மகனும் மருமகளும் தறிக்குப் போனால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். இருவருக்கும் காலை ஏழரைக்கு ஷிப்டு. அதன் பிறகு அந்த அம்மாளைத் திருப்பிப் படுக்க வைக்க, ஒரு வாய் கஞ்சி ஊட்ட ஆள் வேண்டும். என் வீட்டுக்காரி பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் ஒன்பது மணி ஆகிவிடும். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்பேன். அதற்குள் யாராவது மோட்டாரை இறக்கிவிடுவார்கள். இந்தா அஞ்சு நிமிஷம் என்று நான் சொன்ன அஞ்சு நிமிஷங்களைச் சேர்த்து வைத்தால் அதில் ஒரு சேலையே நெய்து முடித்திருக்கலாம் என்பது அவள் கணக்கு.

சொன்னபடியே மகள் ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டே எல்லாவற்றையும் செய்தாள். பூனாவில் ஒரு லாரி சர்வீஸைப் பிடித்தாள். அவர்கள் வந்து அட்டை, பபிள் ஷீட், சாக்கு எல்லாம் சுற்றி ஏற்றும்போது வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தாள். பூனா ஆர்.டி.ஓ. காகிதத்தைக்கூட அங்கிருந்தே வாங்கினாள். நான் ஒரு கையெழுத்துக்குச் சூலூருக்கும் கோயமுத்தூருக்கும் எத்தனை நடை நடந்தவன்.

லாரி கிளம்பிய மூன்றாம் நாள் டிரைவரைக் கூப்பிட்டேன். அவினாசி வந்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த நிமிஷமே மகள் கூப்பிட்டாள்.

“அப்பா, வண்டி பவானி ஆத்துப் பாலத்துக்கிட்ட நிக்குதுங்க. முக்கா மணி நேரமா நகரலீங்க.”

“ஏங்கண்ணு, அங்க ஒக்காந்துட்டு நீ எனக்குப் பவானி சொல்றயா?”

ஸ்கூட்டருக்குள்ளேயே ஒரு சிம் இருக்கிறதாம். அது இருக்கும் இடத்தை அவள் போனுக்குச் சொல்லிக்கொண்டே வருமாம். நம்பவில்லை. டிரைவரை மறுபடியும் கூப்பிட்டு, பவானியில் டீயைக் குடித்துவிட்டு மெதுவாக வாருங்கள் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு கேட்டார்:

“ஏனுங்க, பின்னாலயே ஆளு வுட்டிருக்கீங்களா?”

“ஆமாங்க தம்பி. ஜெர்மனில இருந்து பாத்துட்டு இருக்குது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் போனை வைத்த பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சாக்குக்குள் கட்டிக் கிடக்கிற ஒரு ஸ்கூட்டர், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் மகளிடம், நான் பவானியில் நிற்கிறேன் என்று சொல்கிறது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பஞ்சாயத்துப் பைப்பு வரைக்கும் தனியாக அனுப்ப நான் பயந்திருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் சிங்காநல்லூர் குடோனில் இறக்கி, ஒரு குட்டியானை லோடு வண்டி பிடித்து ஷெட்டுக்குக் கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரி சாக்கை அறுத்து, தன் முந்தானையாலேயே தூசியைத் துடைத்தாள். ஒரு கீறல் இல்லை. சாவியைப் போட்டுத் திருகினேன். விளக்கு எரியவில்லை. சீட்டுக்கு அடியில் மெயின் சுவிட்ச் இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, பிணம் மாதிரிக் கிடந்தது.

“பாப்பா பூட்டி வெச்சிருக்குதாமா. அங்க மத்தியானச் சோத்துக்கு உடறப்பத் தெறந்து வுடறேன்னு சொல்லுச்சு. நமக்கு நாலு மணி ஆகுமாம், அதுவரைக்கும் சும்மா இருங்க” என்றாள் அவள்.

சாவி என் கையில் இருக்கிறது. பூட்டு எப்படி ஜெர்மனியில் இருக்கும்? கேட்கவே சிரிப்பாக இருந்தது. பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தேன். விட்டு விட்டு, பிடித்துப் பிடித்துச் சுற்றியது. நாற்பது வருடமாக நான் பார்த்த மோட்டார் எல்லாம் கரண்டு இல்லாதபோது வழுக்கிக்கொண்டு சுற்றும். பிடித்தால் பேரிங் போயிருக்கும், இல்லாவிட்டால் காயில் வெந்து ஒட்டியிருக்கும். குனிந்து முகர்ந்தேன். வெந்த வாசனை துளியும் இல்லை. என் மூக்கு உண்மையைத்தான் சொன்னது. ஆனால் காயில் கட்டுகிறவனின் கை, ஓடாத மோட்டாரை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா இருக்குமா? எங்கள் பக்கத்தில் யாராலும் முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அங்கே ஓடாத மிக்ஸி இருந்தால் பிரித்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவோம்.

சக்கரத்தைக் கழற்றினேன். மூடியின் திருகுகளை எடுத்துப் புல்லர் போட்டு இழுத்தேன். மூடி வரமாட்டேன் என்றது, பிறகு படக்கென்று வந்தது. உள்ளே பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் மோட்டாரில் காயில் வெளியே சுற்றிலும் இருக்கும், நடுவில் இருக்கிற தண்டு சுழலும். இதில் தண்டு அசையாமல் நிற்கிறது. காயில் நடுவில் தண்டோடு இருக்கிறது. வெளியே இருக்கிற வளையம்தான் சுழல்கிறது, அந்த வளையமே சக்கரம். நான் செய்துகொண்டிருந்த வேலையை யாரோ சட்டையை உள்பக்கம் வெளியே வரப் போடுகிற மாதிரித் திருப்பிப்போட்டிருக்கிறார்கள். வளையத்தின் உட்புறம் முழுக்க, பல்வரிசை போலக் காந்தங்கள். அந்தக் காந்தம் பிடித்ததைத்தான் நான் நோய் என்று நினைத்திருக்கிறேன். காயில் ஒவ்வொன்றும் தேன்கூட்டு அறை மாதிரி ஒரே அளவு. நானும் கட்டுகிறேனே என்று என் கைகளைப் பார்த்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. கோயிலில்கூட நான் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்ததில்லை.

எரிந்தது ஒன்றும் இல்லை. சரி, மூடிவிடலாம் என்று மூடியை வைத்தேன். காந்தம் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டது. விரலை உருவிக்கொள்ளத்தான் நேரம் இருந்தது. சக்கரத்தை மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றுமே நடக்காதவன் போல நின்றேன்.

சரியாக நாலு மணிக்கு, யாரும் தொடாமல், வண்டி இரண்டு தடவை கீச்சென்றது. விளக்கு எரிந்தது. நானும் என் வீட்டுக்காரியும் ஒரு எட்டுப் பின்னால் போனோம். போனில் மகள் சிரித்தாள். பூட்டு ஜெர்மனியில்தான் இருந்தது.

என் வீட்டுக்காரி ஆக்சிலேட்டரைத் திருகினாள். சக்கரம் சுழலவில்லை. குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி உதறியது.

“அப்பா, ஹால் சென்சார் எரர்னு எனக்குக் காட்டுதுங்க. வீலைத் தொட்டீங்களா?”

வண்டி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது, அதுவும் அத்தனை தூரத்துக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரி சொன்னாள்:

“தொடறதென்ன, பிரசவமே பாத்துப்போட்டாரு உங்கொப்பன்.”

மகள் திட்டவில்லை. சக்கரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்வதற்கு உள்ளே மூன்று சின்ன சென்சார்கள் உண்டு, மூடும்போது அதன் ஒயர் நசுங்கியிருக்கும் என்று விளக்கினாள். கம்பெனி ஆள் வருவதற்கு ஒரு வாரம் ஆகலாமாம். என் வீட்டுக்காரி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

“உடுங்க. அக்கா ஒம்பது வரைக்கும் அப்படியேதான் கெடக்கோணும்னு இருக்குது. நான் பஸ்ஸுலயே போய்க்கறேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

மறுபடியும் சக்கரத்தைக் கழற்றினேன். மகள், மீட்டிங்கில் இருக்கிறேன், வாய் பேசமாட்டேன், ஆனால் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று போனைத் தன் மேஜையில் சாய்த்து வைத்தாள். என் போனை என் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். ஒயர் மூன்றில் இரண்டு அறுந்தும் ஒன்று தோல் உரிந்தும் இருந்தன. ஈர்க்குச்சித் தடிமன் கம்பியைக் கட்டிப் பழகிய கைக்கு அது பூனை மீசை. கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டேன். மூச்சை அடக்கித்தான் ஈயத்தை உருக்கி டாக்கா வைத்தேன், ஒவ்வொன்றும் ஒரு கடுகளவு. பிறகு ஒவ்வொன்றுக்கும் ஸ்லீவ் மாட்டினேன்.

இனி மூடவேண்டும். வெறும் கையால் வைத்தால் காந்தம் மறுபடியும் பிடுங்கும், ஒயர் மறுபடியும் நசுங்கும். ஷெட்டைச் சுற்றிப் பார்த்தேன். சப்மெர்சிபிள் மோட்டாரின் நீள போல்ட்டுகள் கிடந்தன. மூன்றை எடுத்து, மூடிக்கும் வளையத்துக்கும் நடுவில் முக்கோணமாக முட்டுக்கொடுத்தேன். காந்தம் இழுக்கட்டும். ஆனால் நான் நட்டைத் தளர்த்துகிற அளவுக்குத்தான் மூடி இறங்கமுடியும். இங்கே அரைச் சுற்று, அங்கே அரைச் சுற்று. மகுடி கேட்டு இறங்குகிற பாம்பு மாதிரி, ஒயரைத் தொடாமல் மெல்ல இறங்கி உட்கார்ந்தது.

பேசமாட்டேன் என்றவள் பேசினாள்.

“அப்பா, இதுக்கு இங்க தனியா ஜிக்குன்னு ஒரு கருவியே வெச்சிருக்காங்க. இத உங்களுக்கு யாரு சொன்னது?”

“போல்ட்டுதான் சொல்லுச்சு கண்ணு.”

ஆறு மணிக்கு முன்னால் சக்கரம் சுழன்றது. சத்தமே இல்லை. மோட்டார் ஓடினால் இரையவேண்டும் என்று நினைத்திருந்தவனுக்கு அந்த மௌனம் பயமாகவே இருந்தது.

சரி, இதை யார் ஓட்டுவது என்று கேட்டேன். உட்காரு, பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறேன் என்று சொல்லவும் தயாராக இருந்தேன். என் வீட்டுக்காரி உள்ளே போய், பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்து நீட்டினாள். லைசென்ஸ். அவள் படம் போட்டது. மகளுக்கு மஞ்சள் காமாலை வந்து இவள் பூனாவுக்குப் போய் இரண்டு மாதம் இருந்தபோது, அந்தப் பார்க்கிங்கில் இதே வண்டியில் பழகியிருக்கிறாள். ஊருக்கு வந்த பிறகு, நான் மோட்டாரோடு உட்கார்ந்திருந்த நாளில் போய், எட்டுப் போட்டுக் காட்டி வாங்கி வந்திருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

“சொல்லலாம்னுதான் வந்தனுங்க. இந்தா அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்க.”

காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் மனசு கேட்காமல் என் பைக்கில் பின்னால் போனேன். முப்பத்தைந்து வருடமாக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவளின் முதுகை முதன்முதலாக நான் பார்த்துக்கொண்டு போனேன். நேராக, அசையாமல் இருந்தது. தறி லோடு ஏற்றிய வேன் ஒன்று குறுக்கே வந்தது. எனக்குத்தான் கால் பிரேக்கைத் தேடியது. அவள் நிதானமாக இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கிப் போனாள். கை காட்டாமல், திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தாள். காந்தத்தைப் பார்த்து உட்கார்ந்ததைவிட அப்போது எனக்கு அதிசயமாக இருந்தது. மோட்டாரையாவது ஒருநாளில் பிரித்துப் பார்த்துவிட்டேன்.

ஏழேகாலுக்கெல்லாம் சோமனூர். கட்டிலில் கிடந்த அக்கா, யாரு கண்ணு கொண்டாந்து வுட்டது என்று கேட்டார். நானேதான் வந்தேன் அக்கா என்றாள் இவள். அந்த அம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் வாசலில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

இப்போது அக்கா குச்சி ஊன்றி நடக்கிறார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் கதையைச் சொல்கிறார். மருமகளுக்கும் மனப்பாடம். பாப்பா சீமையிலிருந்து வண்டி அனுப்பியது, தங்கச்சி ஓட்டி வந்தது, நடுவில் அந்த மனுஷன் பிரித்துப்போட்டார். அங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள், கதை அத்தோடு முடிந்துவிடுகிறது.

பிரித்தது நான்தான், இல்லை என்று எங்கேயும் சொல்லமாட்டேன். மகள் அனுப்பாவிட்டால் வண்டி இல்லை, இவள் ஓட்டாவிட்டால் வண்டிக்கு அர்த்தம் இல்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சக்கரத்துக்குள் இரண்டு டாக்கா என் கையால் வைத்தது. அது பிடித்திருக்கிற வரைக்கும்தான் ஏழரை மணிக்கு அந்தக் கட்டிலுக்குக் கஞ்சி. மூன்று போல்ட்டு முட்டுக்கொடுத்து நான் மூடியதை ஜெர்மனியில் இருக்கிறவள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள், சாட்சி இருக்கிறது. அதனால் இனிமேல் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், பிரித்தார் என்று சொன்ன அதே மூச்சில், மூடினார் என்றும் சொல்லவேண்டும். சிரிப்பதானால் அதற்குப் பிறகு சிரித்துக்கொள்ளுங்கள்.