வால்வைப் போடு

தெருவில் அவரைச் சொட்டுக்காரர் என்பார்கள். இருபத்திரண்டு வருஷம் பெட்ரோல் பங்கில் குழாய் பிடித்த மனிதர். அவர் கையிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்ததைப் பார்த்ததாக யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

மனைவிக்காகத்தான் வேலையை விட்டார். அவளுக்கு நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டுப்போய், கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின் ஓயாமல் ஓடவேண்டியிருந்தது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். ஒரு காலத்தில் வாய் மூடாமல் பேசியவள், இப்போது கண்ணாலும் கையாலும்தான் வீட்டை நடத்தினாள்.

கரண்ட் போனால் பின்பக்கக் கோடியில் ஒரு ஜெனரேட்டர். அதற்கு டின் டின்னாக டீசல் தூக்கி ஊற்றியே அவர் இடுப்பு கழன்றுபோனது. அதனால் வீட்டிலேயே டேங்க் வைத்தார். இருநூறு லிட்டர் இரும்பு டேங்க், அடுப்படிக்கு எட்டாத மூலையில், மனைவியின் அறை ஜன்னலுக்கு வெளியே, ஸ்டாண்டின் மேல். சிந்தினால் பிடிக்க அடியில் அகலத் தட்டு, பக்கத்தில் மணல் வாளி. டேங்கின் அடியில் வால்வு, பிறகு ஃபில்டர், பிறகு பேட்டரியில் ஓடும் பம்ப், அங்கிருந்து முப்பதடி ஹோஸ். காலையில் வால்வைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரம் இல்லை. அந்த மிதப்பில் பழைய டின்களையெல்லாம் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டார்.

திறந்த வால்வை மூடவில்லை என்பது மட்டும் அவருக்கு நினைவில்லை.

மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் டீசல் அடிமட்டத்தில் கிடந்தது. அப்படியே ஓட்டினால் காற்றை இழுத்துக்கொண்டு முரண்டு பிடிக்கும். மனைவியைச் சின்ன சிலிண்டருக்கு மாற்றினார். அது அரைமணி நேரம் தாங்கும். போதும் என்று நினைத்தார். உதவிக்கு வந்து தங்கியிருந்த மனைவியின் தங்கையை டேங்கருகே நிறுத்திவிட்டு, ஹோஸ் முனையோடு ஜெனரேட்டருக்கு ஓடினார்.

"வால்வைப் போடும்மா!" என்று குரல் கொடுத்தார்.

"போட்டாச்சு அத்தான்!"

"சுவிட்சைத் தட்டு!"

பம்ப் உறுமியது. ஹோஸில் ஒன்றும் வரவில்லை. பத்து எண்ணினார், இருபது எண்ணினார். உறுமல் ஊளையாக மாறியது.

"நிறுத்து, நிறுத்து! வால்வை ஒழுங்காப் போட்டியா?"

"நல்லா இறுக்கிப் போட்டிருக்கேன் அத்தான்!"

ஓடிவந்து ஃபில்டரைக் கழற்றினார். இருந்ததைப் பம்ப் உறிஞ்சிவிட, உள்ளே காய்ந்து கிடந்தது. அடைப்பு டேங்குக்குள்தான், துருவாக இருக்கும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். கையெட்டும் தூரத்தில் இருந்த வால்வை ஏறிட்டும் பார்க்கவில்லை. அதுதான் போட்டாயிற்றே! பம்ப் விற்றவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஃபில்டரை மாட்டினார். அவசரத்தில் மரை இரண்டு தடவை தவறித்தான் உட்கார்ந்தது. மொண்டு ஊற்றலாமென்றால் டேங்கின் வாயில் கைகூட நுழையாது. பழைய டின் ஒன்றில் கொஞ்சம் டீசல் இருந்தாலும் நேரே ஊற்றிவிடலாம். டின் எங்கே இருக்கிறது? காலையில்தான் பழைய சாமான்காரரிடம் போய்விட்டதே.

ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். சிலிண்டரின் முள் சிவப்புக்குள் போய்விட்டிருந்தது. மனைவி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை ஆட்டி எதையோ காட்டினாள். பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தார்.

"இதோ ஆச்சும்மா, இதோ!"

அவள் தலையை ஆட்டினாள். முகத்திலிருந்த மாஸ்க்கைக் கையால் பிடுங்கினாள்.

"அய்யோ அக்கா, எடுக்காதே!" என்று தங்கை கத்தினாள்.

"அவரு... போடுன்னா..." மூச்சு இழுத்தது. "திறன்னு அர்த்தம்டி."

தங்கை ஒரு கணம் விழித்தாள். அவளுக்குப் போடு என்றால் கதவைப் போடு, தாழ்ப்பாளைப் போடு. பங்குக்காரருக்கோ போடு என்றால் டீசல் போடு. வால்வின் பிடியைத் தாவிப் பிடித்துத் திருப்பினாள், சுவிட்சைத் தட்டினாள். ஹோஸ் உடம்பை முறுக்கிக்கொண்டது. அவர் விழுந்தடித்து ஓடி முனையைப் பிடிப்பதற்குள் கால்படி டீசல் தரையில் கொட்டியது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. உள்ளே மெஷின் பீப் அடித்து மூச்சுவிடத் தொடங்கியது. மனைவி அதன் மாஸ்க்கை முகத்தில் மாட்டிக்கொண்டாள்.

தங்கை மணலை எடுத்துச் சிந்தியதன் மேல் கொட்டிக்கொண்டிருந்தாள். அவர் கைகழுவிவிட்டு மனைவியின் அறைக்கு வந்தார். நாலு வார்த்தைக்கு மூச்சு வாங்குகிறவள், இருந்த மூச்சையெல்லாம் அவர் பேச்சுக்கு அர்த்தம் சொல்லச் செலவழித்திருக்கிறாள். ஜெனரேட்டர் சத்தம் காதைத் துளைத்தது. எதையாவது செய்யவேண்டும் போலிருந்தது.

"சத்தமா இருக்கே, கதவைப் போ..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மாஸ்க்குக்குள் அவள் சிரித்தாள். கட்டிலின் ஓரத்தைத் தட்டி, உட்காருங்க என்று கையால் சொன்னாள்.